மடிக்காத இலை

பெஞ்சில் உட்கார்ந்தால் அவருடைய ஒரு கால்தான் மேஜைக்கு அடியில் இருக்கும். இன்னொரு கால் பெஞ்சுக்கு வெளியே, வாசலைப் பார்த்து, டயர் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக இருக்கும். அந்தக் காலின் முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். மேஜை ஆடும், மேஜை மேல் தம்ளர் ஆடும், எதிரே சாப்பிடுகிற என்னுடைய ரசம் இலையை விட்டு ஓடும். "அண்ணே, கொஞ்சம் காலை ஆட்டாம இருங்களேன்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "ஆடுதா? தெரியலைங்களே" என்று முட்டியைக் கையால் பிடித்துக்கொள்வார். பிறகு அந்தக் கையும் சேர்ந்து ஆடும்.

அப்போது நான் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் கம்பெனிக்கு டைம் கீப்பர். வாயில் விசில், கையில் அட்டை, தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம். வண்டி நேரத்துக்கு வரவில்லை என்றால் எனக்கு வயிறு எரியும். நேரத்துக்குக் கிளம்பவில்லை என்றால் வாயும் சேர்ந்து எரியும். கல்யாண கோஷ்டி, பிள்ளைத்தாய்ச்சி, தாசில்தார் ஆபீஸ் ஆள், யாருக்காகவும் நான் வண்டியை நிறுத்தியது கிடையாது. டிரைவர்கள் எனக்குப் பின்னால் என்னென்னவோ பேர் வைத்திருந்தார்கள். அதில் சொல்லக்கூடியது 'விசில் சாமி' ஒன்றுதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் அந்த மீன் சாப்பாட்டுக் கடை. போர்டு கிடையாது. குழம்பு கொதிக்கிற வாசனையே போர்டு. நாகூரிலிருந்து வந்து கடை போட்ட ஓர் அம்மா நடத்தினார். மீன் கூடைகள் நாகப்பட்டினத்திலிருந்து எங்கள் முதல் வண்டியின் மேலே ஏறி வரும். வழியெல்லாம் ஐஸ் உருகி ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் சட்டையில் சொட்டும். அவர்கள் இறங்கி என்னைத் திட்டுவார்கள். அந்த வசவுக்கு ஈடாக அம்மா என் இலையில் கொடுவாத் தலையாகப் பார்த்து வைப்பார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

காலாட்டுகிற இவர் அந்தக் கடைக்கு இலை கொண்டுவருகிறவர். பாமணி ஆற்றுக்குத் தெற்கே ஒரு கிராமம். வீட்டுக் கொல்லையில் வாழை போட்டிருந்தார். காலை வண்டியில் இலைக்கட்டோடு வந்து இறங்குவார். டவுனில் உரக்கடை, வக்கீல் வீடு என்று சுற்றிவிட்டு மத்தியானம் கடையில் சாப்பிட்டு, ஒரு மணி வண்டியில் திரும்பிவிடுவார். அவருக்குப் பெயர் இருந்தது. வக்கீல் குமாஸ்தா ஒரு தடவை சத்தம் போட்டுக் கூப்பிட்டது காதில் விழுந்தும் இருக்கிறது. எனக்கும் கடைக்கும் அவர் இலைக்காரர். அவ்வளவுதான் நினைவில் நிற்கிறது.

இலைக்காரரிடம் ஒரு விசேஷம், அவர் தன் இலையை மடிக்கவே மாட்டார். சாப்பிட்டவன் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்திருப்பது நம் ஊர் மரியாதை. வயிறு நிறைந்தது, போட்டவர் நன்றாக இருக்கட்டும் என்று அர்த்தம். இவர் பாதிச் சோற்றில், பாதி மீனில், சில நாள் வாய்க்குப் போன கவளத்தோடு எழுந்து வாசலுக்கு ஓடிவிடுவார். இலை ஆவென்று வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

"இலையக் கொண்டாந்து குடுக்குற மனுசனுக்கு அதை மடிக்கத் தெரியலயே. நா ஆக்குனது புடிக்கலன்னு நாலு பேரு நெனைக்க மாட்டாங்க?" என்று அம்மா புலம்புவார்.

"புடிக்காமலாம்மா? வண்டி போயிடுமில்ல" என்பார் அவர், தெருவில் இறங்கியபடியே.

வண்டி போகாது. அது கிளம்ப இன்னும் அரைமணி இருக்கும். கிளப்ப வேண்டிய நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருப்பேன். அதைச் சொன்னாலும் கேட்க மாட்டார். காலி பஸ்ஸில் ஏறி, உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

சாப்பாட்டில் மட்டும் இல்லை. பஸ் ஸ்டாண்ட் சலூனில் ஒரு கன்னம் வழித்த கையோடு எழுந்து, மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு வண்டிக்கு ஓடியதை நானே பார்த்தேன். "மீதிய நாளைக்கு வச்சுக்குவோம்" என்று நாவிதரிடம் சொல்லிவிட்டுப் போனார். சினிமாவுக்குப் போனால் இடைவேளையோடு சரி. பாதிக் கதை அவர் சொல்வார், மீதியை நாங்கள் சொல்வோம். வில்லன் கடைசியில் என்ன ஆனான் என்று கேட்கும்போதுகூட ஒரு கண் வாசலில்தான் இருக்கும்.

நான் இதையெல்லாம் சிரிப்பாகவே பார்த்தேன். நேரம் பார்த்தே பிழைக்கிறவன் நான். என்னைவிட நேரத்துக்குப் பயந்த ஒரு மனிதரைப் பார்ப்பதில் எனக்கு ஒரு குஷி.

அது அப்படிச் சிரிக்கிற காலமும் இல்லை. ஆட்சி மாறியிருந்தது. குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. சட்டம் மெட்ராஸில் கிளம்பிவிட்டது, எங்கள் வயல்களுக்கு வந்து சேர வழியில் ஏகப்பட்ட ஸ்டாப்பிங். பதிவாகும் முன்னே ஆளைக் கிளப்பிவிடப் பண்ணையார்கள் பார்த்தார்கள். கிளம்ப மாட்டேன் என்றவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். அறுவடை வந்தால் ஊருக்கு ஊர் தகராறு. ஒரு கொடி கட்டிய சைக்கிள்கள் ஒரு பக்கம் போகும், வேறு கொடி கட்டிய சைக்கிள்கள் எதிர்ப்பக்கம் போகும், நடுவில் போலீஸ் வேன் போகும். வழிமறியலில் மாட்டி என் வண்டிகள் தாமதமாகும். எனக்கு எல்லாக் கொடி மேலும் கோபம்தான்.

இலைக்காரருக்கும் ஒரு வழக்கு இருந்தது. அப்பா காலத்திலிருந்து உழுகிற வயலை, நீ உழவே இல்லை என்று பண்ணையார் சொல்கிறாராம். அந்த வயலில் அறுக்கிற கை எதுவோ அதுதான் உழுத கை என்று கோர்ட்டில் ஆகிவிடும் போலிருந்தது. அவர் கால் ஏன் ஆடுகிறது என்பதற்கு அதுவே போதுமான காரணம் என்று நினைத்திருந்தேன். விஷயம் அதைவிட மோசம் என்று ஒரு நாள் தெரிந்தது.

அன்று அம்மா வாளை மீன் வறுத்திருந்தார். மெலிசாக, ஓரம் முறுகி, மஞ்சளும் மிளகாயும் ஒட்டி, அப்படி ஒரு பதம். இலைக்காரருக்கு வாளை என்றால் உயிர். முதல் துண்டை வாயில் போட்டதும் கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. பாவம், இன்றைக்கு ஒரு நாளாவது இந்த மனிதர் முழுச் சாப்பாடு சாப்பிடட்டும் என்று தோன்றியது. விசில் சாமியாகிய நான் வாய் திறந்து சொன்னேன்.

"அண்ணே, நிதானமா சாப்பிடுங்க. அவசரமே இல்ல. வண்டிய நான் நிறுத்தி வைக்கிறேன்."

அவர் கண்ணைத் திறந்தார். முட்டி ஆட்டம் நின்றது. வெளியே நீட்டியிருந்த காலை மெதுவாகத் தரையில் ஊன்றினார். என்னைப் பார்த்த பார்வையில் பழக்கம் என்பது ஒரு துளி இல்லை.

"யாரு சொல்லச் சொன்னா?" என்றார்.

"என்ன அண்ணே?"

"ஒங்கள யாரு சொல்லச் சொன்னாங்கன்னு கேக்குறேன். எவ்வளவு நேரம் என்னைப் புடிச்சு வைக்கச் சொன்னாங்க?"

கேட்ட கையோடு எழுந்து ஓடிவிட்டார். கையைக்கூடக் கழுவவில்லை. வறுத்த வாளை இலையில் அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. எந்தப் பயணிக்கும் செய்யாத ஒன்றைச் செய்கிறேன் என்கிறேன், என்னைப் போய்த் திருடனைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறாரே!

"ஒங்க மேல கோவமில்ல அவருக்கு" என்றார் அம்மா. அந்த இலையை எடுக்க வந்தவர் எடுக்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இதே பெஞ்சுலதான் நடந்துச்சு. நீங்க இந்த ஊருக்கு வரதுக்கு முந்தி."

அம்மா சொன்னது இதுதான்.

அது ஒரு தை மாதம். சம்பா பழுத்து நிற்கிறது. அன்று கோர்ட்டில் வாய்தா. சாட்சி சொல்ல அவர் தெரு ஆட்கள் எல்லோரும் டவுனுக்கு வந்துவிட்டார்கள். வாய்தா தள்ளிப் போய், வெளியே வந்தால் பண்ணையாரின் காரியஸ்தர் நிற்கிறார். வெள்ளை வேட்டி, கையில் தோல் பை, வாய் நிறையச் சிரிப்பு. இதுவரை அவர் இலைக்காரரை 'வாடா, போடா' தவிர வேறு விதமாகக் கூப்பிட்டது கிடையாது. பண்ணை வீட்டில் இவருக்குச் சோறு போடுகிற இடம் மாட்டுக்கொட்டகைப் பக்கம். அப்படிப்பட்ட காரியஸ்தர் அன்று சொன்னாராம்: "வாங்க. ஐயா ராசியாப் போயிடலாம்னுட்டாரு. வாங்க, சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்."

ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். காரியஸ்தர் வஞ்சிரம் சொன்னார், எறா சொன்னார், நண்டு சொன்னார். தன் கையாலேயே எடுத்து இவர் இலையில் வைத்தார். "நிதானமா சாப்பிடுங்க. அவசரமே இல்ல" என்றார். இலைக்காரர் நிதானமாகவே சாப்பிட்டார். இலையை மடித்தார். வெற்றிலை போட்டார். ஒரு மணி வண்டியை விட்டு அடுத்த வண்டியில் போய் இறங்கினால் வயலில் தாள்தான் நிற்கிறது. பண்ணையாரின் மகன் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்து, கட்டி, ஏற்றிக்கொண்டு போய்விட்டான். தெருவில் ஒருவரும் இல்லை. இவர் பெண்சாதி மட்டும் வரப்பில் நின்று கத்தித் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"மறுநாள் வந்தாரு. இதே எடத்துல ஒக்காந்து அழுதாரு" என்றார் அம்மா. "அப்ப சொன்னாரு, மீனுக்காக நா ஏமாறலம்மா, மீனு நா பாக்காததா, வாய்க்கால்ல எறங்குனா கெண்டையும் கெளுத்தியும் கெடக்கு. அந்த ஆளு என்னை 'வாங்க'ன்னாரு. அந்த ஒரு சொல்லுக்கு ஒக்காந்துட்டேன்னாரு. அதுக்கப்பறம் அவரு இந்தக் கடையில இலைய மடிச்சதில்ல."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவ்வளவு நாள் அந்தக் காலைப் பார்த்துச் சிரித்தேனே என்று வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தொற்று எனக்கும் வந்துவிட்டது. அவர் சாப்பிட உட்கார்ந்தால் நானும் வாசலைப் பார்க்க ஆரம்பித்தேன். வெளியே லாரிச் சத்தம் கேட்டால் எனக்கும் சோறு இறங்காது.

அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு நாள் கழித்து என் மேஜையில் ஒரு சின்ன இலைக்கட்டை வைத்துவிட்டு, "வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க. நுனி இலையாப் பாத்து அறுத்தேன்" என்றார். நான் தனிக்கட்டை. இலையைக் கொண்டுபோய் என்ன செய்வேன்? ஒன்றிரண்டில் நானே உப்புமாவை வைத்துச் சாப்பிட்டேன்.

இதெல்லாம் முடிந்து வெகுகாலம் கழித்து அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்ணைப் பெற்றவர் பந்தி விசாரிக்கிறேன் என்று சுற்றிச் சுற்றி வந்தார். கடைசிப் பந்தியில் சம்பந்தி தோளை அழுத்தி உட்கார வைத்தார். வரிசையின் கடைசி இடத்தில்தான் உட்கார்ந்தார். சாம்பார் வரும்போதே கால் வெளியே வந்துவிட்டது. "யாரைத் தேடுறீங்க?" என்று சம்பந்தி கேட்டார். "ஒண்ணுமில்ல, மாடு அவுத்துக்கிச்சோன்னு" என்றார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்ப வருகிறேன். அம்மா எனக்கு அந்தக் கதையைச் சொன்ன வருஷத்துத் தை மாதம், பயிர் பழுத்து நின்ற சமயமாகப் பார்த்து மறுபடியும் வாய்தா விழுந்தது. அது தானாக விழுந்ததா, யாராவது விழவைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் வழக்குப் போகும். போனால் வயல் போகும்.

காலை வண்டியில் இலைக்காரர் இறங்கினார். இலைக்கட்டு இல்லை. வெளுத்த சட்டை, தோளில் துண்டு. அவருக்குப் பின்னால் சாட்சிகள் இறங்குவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் இறங்கவில்லை.

"எங்கண்ணே ஒங்க ஆளுங்க?"

"காய்ச்சல்ங்க" என்றார்.

"எல்லாருக்குமா?"

"தெரு பூராவும்ங்க" என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

சற்று நேரத்தில் வாய்தா தள்ளிப்போன செய்தி வந்தது. சாட்சி இல்லாமல் வந்ததற்கு வக்கீல் இவரைப் படியில் நிற்கவைத்துத் திட்டினார் என்று குமாஸ்தா வந்து சொன்னார். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. ரைஸ் மில்லுக்குப் பின்னால் ஒரு லாரி வந்து நின்றிருந்தது. அதில் அடைந்து உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள் இல்லை. டீ வாங்க வந்த ஒருவரின் பேச்சு தெற்கத்திப் பேச்சு. கையில் சாக்குச் சுருள், அதற்குள் அரிவாள். யாருடைய வயலுக்கு என்று கேட்டேன். "தெரியாதுண்ணே. காரியஸ்தர் வந்து வயலைக் காட்டுவாகளாம். சாப்பிட்டுட்டு வாரேன்னு போயிருக்காக" என்றார்.

பண்ணையார் மகன் அந்த வருஷம் மெட்ராஸ் போய்விட்டான். வயலைக் காட்ட வேறு ஆள் இல்லை. நான் அட்டையை டிக்கெட் பையனிடம் வீசிவிட்டுச் சந்துக்கு ஓடினேன்.

அதே பெஞ்ச். வெள்ளை வேட்டி, தோல் பை, சிரிப்பு, எல்லாம் அம்மா சொன்னபடியே இருந்தன. பக்கத்தில் இலைக்காரர். இருவருக்கும் இலை போட்டாயிற்று. "வாங்கன்னு கூப்பிட்டதும் மறுக்காம வந்தீங்களே, அதுதான் பெருந்தன்மை" என்று காரியஸ்தர் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு எத்தனை தடவைதான் பட்டால் புத்தி வரும்?

"அண்ணே, ஒரு மணி வண்டி கெளம்பப் போவுது" என்றேன்.

"போவட்டும்ங்க" என்றார்.

"அடுத்த வண்டிக்கு ரொம்ப நேரம் ஆகும் அண்ணே. வாங்க, கை கழுவிக்கிட்டு வாங்க."

"நீங்க போயி வண்டிய எடுக்கச் சொல்லுங்க. நா சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்ல?" என்றார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். இரண்டு காலும் மேஜைக்கு அடியில் இருந்தன. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். முட்டி ஆடவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போய் விசில் ஊதினேன். வண்டி போயிற்று. திரும்பிக் கடைக்கே வந்தேன். என் வேலை பஸ் ஸ்டாண்டில் என்பது அன்று எனக்கு நினைவே இல்லை.

வண்டி போன சத்தம் கேட்டதும் காரியஸ்தரின் முகம் மலர்ந்திருந்தது. குழம்புச் சோற்றில் இரண்டு வாய் சாப்பிட்டவர், "சரி, நீங்க நிதானமா சாப்பிடுங்க. அவசரமே இல்ல. எனக்கு மில்லுல ஒரு சோலி. பாத்துட்டு வந்துடுறேன்" என்று எழப் பார்த்தார்.

"நல்லாருக்குங்களா அது?" என்றார் இலைக்காரர். குரல் அவ்வளவு பணிவாக இருந்தது. "பந்தியில கூட ஒக்காந்தவங்க எந்திரிச்சா நா மட்டும் ஒக்காந்திருக்கலாமா? நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிச்சுடுவேன். எங்காளுங்க சைக்கிள்ள வந்திருக்காங்க, கோர்ட்டு வாசல்ல நிக்கிறாங்க. அவங்களோட மிதிச்சு வீட்டுக்குப் போயிடுவேன்."

காரியஸ்தர் உட்கார்ந்தார். இவரை எழவிட்டால் ஆட்களோடு வயலுக்குப் போய் நின்றுவிடுவாரே! கோர்ட்டு வாசலில் ஓர் ஆளும் இல்லை, ஒரு சைக்கிளும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரு பூராவும் காய்ச்சல். அது என்ன காய்ச்சல் என்று அப்போதுதான் எனக்கு லேசாக உறைத்தது.

"அம்மா, காரியஸ்தரய்யாவுக்கு வஞ்சிரம் வைங்க" என்றார் இலைக்காரர். "நண்டு இருக்கா?"

அம்மா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு, "இருக்கு. இப்பத்தான் அடுப்புல ஏத்தியிருக்கேன். கொஞ்சம் பொறுக்கணும்" என்றார். அடுப்பில் நண்டு இல்லை. அம்மா உள்ளே போய்க் கூடையிலிருந்து எடுத்து அப்புறம்தான் கழுவ ஆரம்பித்தார்.

"ராசின்னீங்களே, ஐயா என்ன சொன்னாரு? மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார் இலைக்காரர். காரியஸ்தர் ஏதோ சொன்னார். இவர் நடுவில் மறித்துச் சந்தேகம் கேட்டார். அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். வஞ்சிரத்தை இவர் நாருநாராகப் பிய்த்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்து, இலை ஓரத்தில் அடுக்கினார். வஞ்சிரத்தில் முள்ளே அவ்வளவு இருக்காது. நண்டு வந்தது. காலை உடைத்து உறிஞ்சி, ஓட்டைப் பிரித்து, சதையைத் தேடித் தேடித் தின்றார். "நீங்களும் சாப்பிடுங்க. 'வாங்க, சொல்லுங்க'ன்னு ஒங்க வாயால கேக்க எவ்வளவு நல்லாருக்கு" என்றார்.

மில் பக்கமிருந்து லாரி ஹாரன் அடித்தது. காரியஸ்தர் வாசலைப் பார்த்தார். மறுபடியும் அடித்தது. மேஜை ஆட ஆரம்பித்தது. தம்ளர் ஆடியது. நான் குனிந்தேன். காரியஸ்தரின் ஒரு கால் பெஞ்சுக்கு வெளியே வந்திருந்தது, முட்டி துடித்துக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் இங்கே நண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அங்கே என்ன ஆயிற்றோ! பாதி அறுப்பில் யாராவது பார்த்துப் பண்ணைக்குச் சொல்லிவிட்டால்? காரியஸ்தர் மரியாதையாவது மண்ணாவது என்று எழுந்துவிட்டால்? நான் கடை வாசலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடையாக நடந்தேன். கடிகாரத்தை அத்தனை வெறுத்தது என் ஆயுளில் அன்றுதான்.

கடைசியில் அவர் ஊர்ப்பக்கத்திலிருந்து வண்டி வந்தது. சிலர் இறங்கினார்கள், கடைசியாக ஒரு பெண் இறங்கினாள். தலைமுடியில் வைக்கோல் தூசு. முழங்கை வரை பயிர் கிழித்த கீறல். கடை எங்கே என்று அவள் என்னைக் கேட்கவில்லை, அவள் பாட்டுக்கு விறுவிறுவென்று சந்தில் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். காரியஸ்தரையும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"அறுத்தாச்சு. கட்டெல்லாம் களத்துல ஏத்தியாச்சு."

வரப்பில் நின்று தொண்டை கட்டும்வரை கத்திய பெண்சாதி அவள்தான். இப்போது குரல் கணீரென்று இருந்தது.

காரியஸ்தரின் கையில் நண்டுக் கால் அப்படியே நின்றது. இலைக்காரர் தன் இலையில் மிச்சம் இருந்த பருக்கைகளை ஒன்று சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார். இலையின் மேல்பாதியை இரண்டு கையாலும் பிடித்து, தன் பக்கமாக, மெதுவாக மடித்தார். அதன் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை அழுத்தினார்.

"ரொம்பச் சந்தோஷம்ங்க. ராசியாவே இருப்போம்" என்றார்.

காரியஸ்தர் தோல் பையை மறந்துவிட்டு எழுந்து போனார். எச்சில் கையோடு மில் பக்கம் ஓடினார். போய் என்ன செய்ய? அவருடைய இலை திறந்து கிடந்தது. அம்மா அதை உடனே எடுக்கவில்லை. போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று விட்டுவைத்தாரோ என்னவோ. மடித்த இலையை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இலைக்காரர் கை கழுவ எழுந்தவர், எழுந்த வேகத்திலேயே பழைய ஆளாகிவிட்டார். செருப்பை ஒரு காலில் மாட்டிக்கொண்டு, மறு காலைத் தேடியபடி, "களத்துல யாரு இருக்கா? யாரு காவல்? நீ ஏன் வந்த?" என்று பெண்சாதியை அதட்டினார்.

"சொல்லாம எப்படி நீங்க எந்திரிப்பீங்க?" என்றாள் அவள்.

அவள் வந்த வண்டியே திரும்ப வேண்டிய வண்டி. நான் முன்னால் ஓடினேன். நேரம் தாண்டிவிட்டது. டிரைவர் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு என் விசிலுக்குக் காத்திருந்தார். பயணிகள் சத்தம் போட்டார்கள். நான் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின் டயர் பக்கம் போய்க் குனிந்து நின்றேன்.

அவர்கள் மூச்சிரைக்க வந்தார்கள். "இன்னும் எடுக்கலையா?" என்றார் அவர். நிறுத்தி வைத்தேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"காத்து கம்மியா இருக்கு போல" என்று டயரை உதைத்தேன்.

அவர் டயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் என்னவோ வந்தது. வந்ததை முழுதாக வரவிடாமல் வண்டியில் ஏறிவிட்டார். விசில் ஊதினேன். ஏன் தாமதம் என்று மறுநாள் கம்பெனியில் கேட்டார்கள், டயர் என்று எழுதிக் கொடுத்தேன்.

வண்டி வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பெண்சாதி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இவர் படியில் ஒரு காலை வைத்து, இன்னொரு காலை வெளியே தொங்கவிட்டு, களம் இருக்கும் திக்கையே பார்த்துக்கொண்டு போனார். வண்டிக்குள் உட்கார நிறைய இடம் இருந்தது.